பாவத்துக்கு ஒரு ஆள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாவம் செய்தவர் என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மற்ற எல்லாரும் அவர் வெட்டிக் கொடுத்த கறியைச் சாப்பிட்டவர்கள்.

உங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். நம் வயதுக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கிழமை நாட்களில் மாமாவும் மற்ற ஆண்களோடு கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்த் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக்குப் பின்னால், மலைத் தண்ணீர் வந்து விழும் பீலிக் குழாயிலிருந்து வழிந்தோடும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த பேரிக்காய் மரத்தடியில் ஆடு வெட்டுவார். சட்டிகளோடு வரிசை நிற்கும். "எலும்பு கொஞ்சம் கூடப் போடு தம்பி", "ஈரல எனக்கு எடுத்து வையி, பிள்ளைக்குச் சளி" என்று ஆளுக்கொரு கோரிக்கை. எங்களுக்கு வேண்டியது ஆட்டின் மூத்திரப்பை. மாமா அதைக் கழுவி, பப்பாளிக் குழலை வைத்து ஊதி, நூலால் கட்டித் தருவார். அதைவிட இலேசான பந்தை நான் அதன் பிறகு கண்டதில்லை. காற்றில் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாற்றமும் ஒரு மணி நேரத்துக்குள் பழகிவிடும்.

திங்கட்கிழமை வந்துவிட்டால் அதே ஆட்கள் வேறு மாதிரி. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வீட்டுக்கு மாமாவைக் கூப்பிட மாட்டார்கள். காய்கறிப் பாத்தியில் முதல் உருளைக்கிழங்கை அவர் கையால் ஊன்ற விடமாட்டார்கள். பெண் கொடுக்கவும் யாரும் வரவில்லை. "நல்ல பையன்தான். ஆனா கையில உசுரு எடுத்த பாவம் இருக்குல்ல" என்பார்கள். மாமா அதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொள்வார். லயத்தின் கடைசி ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருந்தார். இராச்சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். நீலப்பூப் போட்ட எனாமல் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்து, அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அன்றைக்கு மலையில் நடந்ததை எல்லாம் நடித்துக் காட்டியபடி சாப்பிடுவார். அம்மா சிரித்துச் சிரித்து அகப்பையைக் கீழே போட்டுவிடுவாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பாவம் என்ற சொல்லே எனக்குக் குழப்பமாக இருந்தது. மாமா பாவம் செய்கிறார் என்பார்கள். உடனே, "பாவம், தனியாக் கிடக்கிறான்" என்றும் சொல்வார்கள். இரண்டும் எப்படி ஒரே சொல்லாக இருக்கும் என்று யோசிப்பேன். தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரம் கடை வைத்திருந்த சிங்கள முதலாளியும் உதவவில்லை. அவர் மொழியில் அதற்கு 'பவ்' என்று பெயர். மீன் வெட்டினாலும் பவ், மழையில் நனைந்து வரும் நாய்க்குட்டியும் பவ். நானும் நனைந்துகொண்டு போனால் என்னைப் பார்த்து, "அனே, பவ்" என்று ஒரு டொபி மிட்டாய் கொடுப்பார். அதனால் கொஞ்ச காலம் பாவம் என்பதை நல்ல விஷயம் என்றே நினைத்திருந்தேன்.

அந்த வருடம் காற்றுக் காலத்தில் குளவிகள் வந்தன; பெரிய மலைத்தேனீயைத்தான் நாங்கள் குளவி என்போம். உடப்புசல்லாவைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். மழை இருக்காது. தகரக் கூரை மேல் கல் வைக்காவிட்டால் கூரையே போய்விடும். நடந்தால் முகத்தில் மண். எங்கள் லயத்துக்கு மேலே இருந்த தேயிலை மலையில், பாதையோரம், டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் ஒரு பெரிய யூகலிப்டஸ் மரம். ஒருநாள் காலையில் அதன் உயரக் கிளையில் யாரோ கறுப்புக் கம்பளியைக் காயப்போட்டது போல ஒன்று தொங்கியது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கம்பளி அசைந்தது. ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை ஒரு அலை ஓடும். பிறகு நிற்கும். பிறகு மறுபடி ஓடும். எனக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் போகும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய்ப் படிக்கட்டில் விழுந்திருக்கிறேன்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் பருந்து ஒன்று கூட்டை அடித்துவிட்டுப் போனது. கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மேல் குளவிகள் இறங்கின. கூடைகளைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். எங்கள் அடுத்த காம்பராவில் இருந்த கத்தோலிக்கப் பெண்ணை வேதக்கார அத்தை என்போம். கொஞ்சம் பருமன். ஓட முடியாமல் செடிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டார். தோட்டத்து லொறியில் அவரை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அந்தோணியார் படத்துக்கு முன்னால் அவர் வீட்டுப் பிள்ளைகள் அழுததும், எங்கள் அம்மா அதே படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தியதும் நினைவிருக்கிறது. அத்தை நாலைந்து நாளில் திரும்பி வந்தார். முகம் இன்னும் பூசணிக்காய் போல இருந்தது. கண்ணைத் திறக்க முடியாத நிலையிலும், "எனக்கு ஒரு கண்ணாடி தாங்கடி, எம்புட்டு அழகா இருக்கேன்னு பாக்கணும்" என்றார்.

ஆனாலும் பயம் வந்துவிட்டது. அந்த மலையில் கொழுந்து எடுக்க மாட்டோம் என்று பெண்கள் சொன்னார்கள். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் தோட்டத்தை நடத்தும் துரை, "கூட்டை எரிங்க. எரிக்கிற ஆளுக்கு ஒருநாள் பேர் போட்டுச் சம்பளம் தர்றேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

யார் எரிப்பது?

அன்று சாயந்திரம் பீலிக்கரையில் நடந்த பேச்சைப் போல ஒரு பேச்சை நான் எந்தப் பெரிய மேடையிலும் கேட்டதில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி முதலில் கையை விரித்தார். "ஆத்தா எந்த உருவத்துல வருவான்னு யாருக்குத் தெரியும். கோயில் திசையப் பாத்துல்ல கட்டியிருக்கு. நெருப்பு வச்சா தோட்டத்துக்கே அம்மை போடும். நான் வரல."

பள்ளிக்கூட வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர். குளிருக்குக் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருப்பார். அவர் தண்ணீர் பிடிக்க வந்தவர், வாளியைக் கீழே வைத்துவிட்டார். "இஞ்ச பாருங்கோ, குளவியெண்டாலும் உயிர்தானே. ஒண்டை எரிச்சாலும் வினை, ஆயிரத்தை எரிச்சாலும் வினை. செய்தவனைத்தான் அது தேடி வரும். இந்தப் பிறப்பில இல்லாட்டி அடுத்ததில."

"அப்ப கடிச்ச குளவிக்கு வினை இல்லீங்களா சார்?" என்று வேதக்கார அத்தை வீங்கின முகத்தோடு கேட்டார்.

வாத்தியார் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "இருக்கும்" என்றார். "அதை அது பாத்துக்கொள்ளும்."

அத்தை தன் கட்சியைச் சொன்னார். "எங்க வேதத்துல, தெரிஞ்சு முழு மனசோட செஞ்சாத்தான் பெரிய பாவம். அதுவும் ஃபாதர்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சிரும்." எங்களுக்கெல்லாம் அது பெரிய வசதியாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்துச் சாமிகள் எதுவும் அப்படிக் கேட்டுக்கொள்வதாக யாரும் சொன்னதில்லை.

அப்பாவுக்குத் தொழிற்சங்கத்துப் புத்தி. "ஏழை வயித்துல அடிக்கிறதுதான் பாவம். மத்ததெல்லாம் சும்மா" என்றார்.

"அப்ப நீங்களே போய்க் கொளுத்துங்க" என்றாள் அம்மா.

அப்பா தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டார். அம்மாவே பிறகு சொன்னாள், "வேணாம், பிள்ளைங்க இருக்கிற வீடு. நாம செய்யிறது இதுங்க தலையிலதான் வந்து விடியும்." அந்த 'இதுங்க' நானும் தம்பியும். எனக்குத் தலை அரித்தது.

கடை முதலாளியிடம் மண்ணெண்ணெய் கேட்கப் போன கங்காணியும் வெறுங்கையோடு வந்தார். எதற்கு என்று கேட்டாராம். குளவிக்கு என்றதும், "ஐயோ, அது பெரிய பவ். நான் தர ஏலாது" என்று போத்தலைத் திருப்பி உள்ளே வைத்துவிட்டாராம்.

பிறகு யார் தொடங்கினார்கள் என்று தெரியாது, எல்லாத் தலையும் லயத்தின் கடைசிக் காம்பராவைப் பார்த்துத் திரும்பின.

மாமா வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தோட்டத் தலைவர் முன்னால் போனார். பின்னால் பூசாரி, கங்காணி, அப்பா. அதற்குப் பின்னால் பெண்களும் நாங்களும். ஏதோ கல்யாணப் பேச்சுக்குப் போகிற கூட்டம் போலத்தான் இருந்தது. மாமாவும் எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, அந்தக் குளவிக் கூட்ட நீதான் எரிக்கணும். நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்."

"ஏன் நான்?"

"நாங்கெல்லாம் பிள்ளகுட்டிக்காரங்க. ஒனக்கு இது ஒன்னும் புதுசு இல்லையே. ஏற்கனவே எம்புட்டோ இருக்கு. அதுல இதுவும் ஒன்னு."

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. கத்தியைத் திருப்பிப் பார்த்தார், பிறகு தலைவரைப் பார்த்தார்.

"ஏற்கனவே எம்புட்டோ என்ன இருக்கு?"

"பாவந்தான்" என்றார் பூசாரி.

மாமா கத்தியைப் படியில் வைத்தார். பிறகு மிகவும் அமைதியாக, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்: "நான் இதுவரைக்கும் ஒரு பாவமும் செஞ்சதில்லீங்க."

கூட்டம் முழுதும் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். நல்ல வேடிக்கை கேட்ட சிரிப்பு. அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். வேதக்கார அத்தைக்கு முகம் வலித்தது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா எப்போதும் எல்லாரையும் சிரிக்க வைப்பவர் அல்லவா. இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. "ஆட்டு மேல தண்ணி தெளிச்சு, அது ஒடம்ப சிலுப்புற வரைக்கும் நான் கத்திய எடுத்ததில்ல" என்றார். "சிலுப்பாட்டி அவுத்து விட்டிருக்கேன். பாத்திருக்கீங்க. ரெண்டு மணி நேரம் நின்னு, சட்டியோட திரும்பிப் போயிருக்கீங்க. அது சம்மதம் குடுக்காம ஒன்னுகூட இல்ல. குளவிகிட்ட எப்படிக் கேக்குறது? அது தூங்கையில எரிக்கச் சொல்றீங்க. அது எனக்குப் பாவம். நான் செய்ய மாட்டேன்."

அதற்கும் இரண்டொருவர் சிரித்தார்கள். மாமா கத்தியைத் துடைத்துக் கோணிச் சாக்கில் சுற்றினார். "எனக்குத்தான் நெறைய இருக்குதே. இனிமே கறியும் வெட்டல. ஒங்களுக்குக் கொஞ்சம் வேணும்னா நீங்களே வெட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு இரவு மாமா சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மா என்னிடம் சோற்றைக் கொடுத்து அனுப்பினாள். "சாப்பிட்டுட்டேன்னு சொல்லும்மா" என்று திருப்பி அனுப்பினார். உள்ளே அடுப்பில் அவரே ஏதோ கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். புகை மட்டும்தான் அதிகமாக வந்தது.

கோபம் இரண்டு நாளில் தணிந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஞாயிறு வந்தது. தீபாவளியும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிய ஆடு பேரிக்காய் மரத்தில் கட்டியிருந்தது. மாமா குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்றைய காட்சியை இப்போதும் நினைத்து நான் தனியாகச் சிரிப்பதுண்டு. தலைவர் முதலில் சட்டையைக் கழற்றினார். கத்தியைக் கையில் வாங்கினார். ஆடு அவரைப் பார்த்தது. அவரும் ஆட்டைப் பார்த்தார். "எனக்கு இடுப்பு சரியில்ல" என்று கங்காணியிடம் கொடுத்தார். கங்காணி, "நான் சஷ்டி விரதம் புடிக்கலாம்னு இருக்கேன்" என்று அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வாங்கிவிட்டார். தண்ணீர் தெளித்தார். ஆடு உடனே சிலுப்பியது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. எல்லாரும் காத்திருந்தார்கள். அப்பா கத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"சிலுப்பிருச்சே, போடுங்க" என்றார் பூசாரி, தூரத்தில் நின்றுகொண்டு.

"நீங்க வந்து போடுங்களேன்."

"நான் அபிஷேகம் பண்ற கை."

ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு போய், தலைவர் வேலியில் போட்டிருந்த சட்டையின் கையை மென்று தின்னத் தொடங்கியது. அதற்கும் யாரும் அதை அதட்டவில்லை. ஏதோ கடன்பட்டவர்கள் போல நின்றார்கள். கடைசியில் வரிசையில் நின்ற பெண்கள் வெறும் சட்டிகளோடு திரும்பினார்கள். அன்று எல்லா வீட்டிலும் பருப்பு. அடுத்த ஞாயிறும் பருப்பு. இதற்கிடையில் மேலே மரத்தில் கறுப்புக் கம்பளி இன்னும் பெரிதாகிக்கொண்டிருந்தது.

இதை முடித்து வைத்தது வேதக்கார அத்தைதான். ஒருநாள் மலையிலிருந்து வந்தவர் முக்காட்டை அவிழ்க்காமல் நேரே மாமா வாசலுக்குப் போனார். கூட என் அம்மாவைத் தவிர லயத்துப் பெண்கள் பாதிப் பேர். அம்மா எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் போனேன்.

"தம்பி, எங்களுக்குப் பயமா இருக்கு" என்றார் அத்தை. "பக்கத்து மலையில நின்னாலும் மேல பாத்துக்கிட்டேதான் கொழுந்து எடுக்க வேண்டியிருக்கு. நீ தனியா செய்யணும்னு கேக்க வரல. என்ன செய்யலாம்னு சொல்லு. நாங்களும் வர்றோம். பாவம்னா எல்லாருக்குமா இருக்கட்டும்."

மாமா நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டினார். "எரிக்க மாட்டேன்" என்றார். "பொகை போடலாம். போகச் சொல்லிப் பாக்கலாம். அம்புட்டுத்தான் முடியும்."

"அது போதும்."

"ஆனா வீட்டுக்கு ஒரு ஆள் வரணும். தூர நின்னு வேடிக்கை பாக்கக்கூடாது."

வீட்டுக்கு ஒரு ஆள் வந்தார்கள். ஈரச் சாக்கு, பச்சை டர்பன்டைன் இலை, பழைய கூடை, காய்ந்த சாணி என்று எல்லா வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று வந்தது. வாத்தியார் விரித்த குடையோடு வந்தார். குளவி வந்தால் குடையை மூடிக்கொண்டு உள்ளே இருப்பது என்று ஒரு திட்டம் வைத்திருந்தார். பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார். நெருப்பு மூட்ட மண்ணெண்ணெய் வேண்டியிருந்தது. இந்த முறை கங்காணி மறுபடி கடைக்குப் போனதும், முதலாளி அவர் வாயைத் திறக்க விடவில்லையாம். "எண்ணெய் வேணுமா? எதுக்குன்னு எனக்குச் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றிக் கொடுத்தாராம். பிறகு கடையைப் பூட்டிவிட்டு அவரும் எங்களுக்குப் பின்னாலேயே மேலே ஏறி வந்தார்.

வெயில் இறங்கி மலை நீலமாகிக்கொண்டிருந்தது. எல்லாரும் கம்பளியாலும் சாக்காலும் போர்த்திக்கொண்டு நின்றோம். கண் மட்டும் தெரிந்தது. யார் யார் என்றே தெரியவில்லை. மாமா செம்பில் கொண்டு வந்த தண்ணீரை மரத்தின் தூரில் ஊற்றினார். அண்ணாந்து பார்த்தார். நாங்கள் நிற்பதை மறந்துவிட்டது போல, கூப்பிட்டுப் பேசுகிற குரலில் பேசினார்.

"எங்க மேல கோவப்படாதீங்க. நாங்களும் பொழைக்க வந்தவங்கதான். நீங்களும் பொழைக்கத்தான் வந்திருக்கீங்க. ஒரே எடத்துல ரெண்டு பேரும் இருக்க முடியல. போங்கன்னு சொல்றது எம்புட்டுக் கஷ்டம்னு எங்களுக்குத் தெரியும். எங்களையும் போங்கன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. நெருப்பு வைக்கல. பொகைதான். மெதுவாக் கெளம்புங்க."

அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் லயத்திலேயே இரண்டு குடும்பத்துக்கு, குடியுரிமை இல்லை என்று, இந்தியா போகச் சொல்லிக் கடதாசி வந்திருந்தது. பெட்டி கட்டி வைத்துக்கொண்டு நாள் பார்த்திருந்தார்கள். ஒரு கம்பளிக்குள்ளிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இலையின் புகை மருந்து வாசனையோடு எழுந்தது. கண் எரிந்தது. வாத்தியார் இருமிக்கொண்டே குடையை மூடிக்கொண்டார். கூட்டின் மேல் அலைகள் வேகவேகமாக ஓடின. இரைச்சல் கேட்டது. ஆனால் ஒன்றும் இறங்கி வரவில்லை. மாமா கையைக் காட்டவும் ஓசையில்லாமல் திரும்பினோம். மறுநாள் சாயந்திரமும் போய்ப் புகை போட்டோம். அதற்கு அடுத்த நாள் காற்று நின்றது. இரவு முழுக்க மழை. விடிந்து போய்ப் பார்த்தால், கிளையில் வெள்ளை மெழுகு அடை மட்டும் ஒரு பெரிய காது மாதிரித் தொங்கியது. குளவிகள் போய்விட்டன.

ஒவ்வொரு வருடமும் மழை தொடங்கும் முன்னால் அவை தாமாகவே மலையை விட்டு இறங்கிப் போகும் என்று இப்போது என் மகன் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொல்கிறான். இருக்கலாம். அன்று எங்கள் தோட்டத்தில் அதை யாராவது சொல்லியிருந்தால் அடி வாங்கியிருப்பார். எல்லார் சட்டையிலும் ஒரு கிழமைக்கு அந்தப் புகை வாசனை இருந்தது. எல்லாரும் அதை மோந்து பார்த்துக்கொண்டார்கள்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமா இன்னும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. பாதையில் கண்டால் பேசுவார். என் கன்னத்தைக் கிள்ளுவார். வாசல் ஏற மாட்டார். குளவிப் பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, இன்னும் என்ன என்று பெரியவர்களுக்கு விளங்கவில்லை.

மாதக் கடைசியில் ஃபாதர் பூசை வைக்க வந்தார். வேதக்கார அத்தை, எல்லாருக்குமாகச் சேர்த்துத் தான் பாவசங்கீர்த்தனம் செய்து பாவத்தைச் சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். பூசாரிகூட, "என் பேரையும் சொல்லி வையி" என்று காதோடு சொன்னாராம். போனவர் திரும்பி வரும்போது பீலிக்கரையில் நாங்கள் எல்லாம் காத்திருந்தோம். அத்தையின் முகம் மறுபடி குளவி கொட்டினது போல இருந்தது.

"என்ன சொன்னாரு?" என்றார் தலைவர்.

"குளவிய வெரட்டினோம், அதுக்கு மன்னிப்பு வேணும்னு முழுக் கதையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. குளவியெல்லாம் இதுல வராதும்மான்னாரு. அப்புறம், அந்தப் பையன் நான் பாவம் செய்யலன்னு சொன்னப்ப நீயும் சிரிச்சியான்னு கேட்டாரு."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சிரிச்சேன் ஃபாதர்ன்னேன். அப்ப அதச் சொல்லு, அதச் சொல்லத்தான் நீ வந்திருக்கேன்னாரு."

"செபம் ஏதும் சொல்லச் சொன்னாரா?" என்று அம்மா கேட்டாள்.

"அதுன்னா அம்பது தடவ சொல்லிட்டு வந்திருப்பேனே. நேராப் போய் அந்த ஆளுகிட்டயே சொல்லுன்னுட்டாரு."

நம் ஆட்களுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. கேட்டுப் பழக்கமே இல்லை. அடுத்த சில நாட்களில் மாமாவின் வாசலுக்கு ஒவ்வொருவராக வந்து என்ன பேசினார்கள் என்று நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். தலைவர் ஒரு கட்டு லீக்ஸோடு வந்து, இந்த வருடம் பனி எப்படி இருக்கும் என்று அரை மணி நேரம் பேசினார். கங்காணியும் லீக்ஸோடு வந்தார். பூசாரி வெள்ளிக்கிழமைப் பொங்கலை யாருக்கும் கொடுக்கும் முன்னால் மாமாவுக்குக் கொண்டு வந்து கொடுத்து, "சூடா இருக்கு" என்று மட்டும் சொன்னார். வேதக்கார அத்தை கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மாமாவின் முகத்தைப் பார்க்காமல், "சிரிச்சது தப்பு. சொல்லிட்டேன். போறேன்" என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு நடந்துவிட்டார். அவர் ஒருவர்தான் வாயைத் திறந்து சொன்னவர். அப்பா சாயந்திரம் ஒரு போத்தலோடு போய், வெகுநேரம் கழித்து அதே போத்தல் இல்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

"ஏன் எல்லாரும் எனக்கு லீக்ஸ் கொண்டாந்து தர்றாங்க?" என்று மாமா என்னைக் கேட்டார். தெரிந்துகொண்டுதான் கேட்டார். அவர் மீசைக்குக் கீழே பழைய சிரிப்பு திரும்பிக்கொண்டிருந்தது.

அம்மா மட்டும் போகவில்லை. அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே இருந்தாள். சட்டியைத் தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். தீபாவளிக்கு முதல் நாள் சாயந்திரம், கைகூடத் துடைக்காமல் எழுந்து லயத்தின் பின்பக்கம் போனாள். மாமா அங்கே விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"அன்னைக்கி நானும் சிரிச்சேன்டா" என்றாள் அம்மா.

மாமா கோடரியை இறக்கி வைத்தார். "தெரியும்க்கா. நீ முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்ச. மத்தவங்க சிரிச்சத நான் அப்பவே மறந்துட்டேன்."

அம்மா கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. மாமா அவளைப் பார்க்காமல் பிளந்த விறகைச் சேர்த்து அடுக்கத் தொடங்கினார். ஒரு கை நிறைய அடுக்கிக்கொண்ட பிறகு கேட்டார்.

"என்ன கறி?"

"பூசணிக்காய்."

"கருவாடு போட்டா?"

"போட்டுத்தான்."

மாமா அந்த விறகை அப்படியே தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்து முன்னால் நடந்தார்.